பூவலடியில் நின்றவன்

குருநகர்,
29.5.1983

என் அன்பு மகள் ஸ்ரெல்லாவுக்கு,

உன் குஞ்சியப்பு சந்தியோகு எழுதுகிறது. நானும் உன் குஞ்சியம்மா மார்கிரட்டும் அந்தோனியார் காவலில் எழும்பி நடமாடுகிறோம். நீ அந்தக் குவைத் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு உன் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறோம்.

இப்படி ஒன்று நடக்குமென்று நான் முன்னமே சொன்னவன். பங்குனியில் மீன்பிடிக்கச் சுண்டிக்குளக் கரையில் குடில் போட்டு வாடி அடிக்கும்போதே, கிழக்கு வானம் சிவந்த சிவப்பைப் பார்த்து, இந்த முறை திரும்பிப் போகும்போது ஒரு ஆள் குறையும் என்று கூட வந்த மரியரட்ணத்துக்குச் சொன்னேன். நம்பாவிட்டால் அவனுக்கு எழுதிக் கேள். நான் ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் அந்தக் காலத்து ஐந்து, இந்தக் காலத்து எஸ்.எஸ்.சி.க்கு மேல்.

தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் நாலு சொல்லுக்குமேல் எழுதினால் தபால்கந்தோர்க்காரன் முகத்தைச் சுளிக்கிறான். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், கேள்.

ஆண்டவர் பரலோகத்துக்கு எழுந்தேறின வியாழக்கிழமை. திருநாளென்றபடியால் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. விடிந்து வெயில் ஏறத் தொடங்கின நேரம், உன் புருஷன் அடைக்கலநாதனும் நானும் தண்ணீர் அள்ளப் போனோம். மாசிக்குப் பிறகு மழை இல்லை. வாடி முழுவதற்கும் குடிதண்ணீர் என்றால் மணலில் இடுப்பளவு தோண்டின அந்த ஒரு பூவல்தான். காட்டு மிருகமும் அதைத்தான் தேடி வரும். அவன் குடத்தோடு முன்னுக்கு, நான் இடுப்பில் கைத்துவக்கோடு பின்னுக்கு. கைத்துவக்கைப் பற்றிக் கடிதத்தில் எழுதக்கூடாது என்று குஞ்சியம்மா கத்துகிறா. தபாலை உடைத்துப் பார்க்கிறவன் வாசித்துவிட்டு என்னைக் கும்பிடட்டும்.

பற்றைக்குள்ளிருந்து குழுவன் வந்தது. வன்னிச் சனம் குழுவன் என்று சொல்லும் காட்டெருமைக் கடா. உயரம் யானைக்கு ஒரு சாண் குறைவு. ஒரு கொம்புக்கும் மற்றக் கொம்புக்கும் நடுவில் எங்கள் வள்ளத்தைக் குறுக்கே விடலாம். மூச்சு விட்டால் மணல் பறந்தது. அது தலையைக் குனிந்துகொண்டு நேரே பாய்ந்து வந்தது.

மகள், உன் புருஷன் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வேதசாட்சிகளை நிறுத்திவைத்துக் கொன்றபோது அவர்கள் நின்றது போல நின்றான். நான் கைத்துவக்கை எடுத்து நெற்றிப்பொட்டில் ஒரே ஒரு வெடி வைத்தேன். குழுவன் தடுமாறி விழப் போனது. ஆனால் விழுகிற வேகத்தில் கொம்பு அவன் விலாவில் இறங்கிவிட்டது. அதன்பிறகு அது இரத்தம் வடிய வடியக் காட்டுக்குள் ஓடியது. எங்கோ செத்துக் கிடக்கும்.

அவன் என் மடியில்தான் கண்ணை மூடினான். கடைசியாக, "ஸ்ரெல்லாவைப் பாத்துக்கொள்ளுங்கோ மாமா" என்று சொன்னான். அதை நான் உனக்குச் சொல்லாமல் விடக்கூடாது.

உடலை லொறியில் கொண்டுவந்தோம். மூன்று சுவாமிமார் வந்து அடக்கப்பூசை வைத்தார்கள். பாண்ட் வாத்தியம் பிடித்தேன். ஊர்வலத்தின் தலை சேமக்காலைக்குள் போய்விட்டது, வால் இன்னும் யாகப்பர் கோயில் வாசலைத் தாண்டவில்லை. உன் அப்பன், என் அண்ணை நீக்கிலாப்பிள்ளையைக் கடல் கொண்டுபோனபோதுகூட இவ்வளவு சனம் வரவில்லை.

அழாதே என்று எழுத எனக்கு வாயில்லை. அழு. ஆனால் சாப்பிட்டுவிட்டு அழு.

உன் நலம் நாடும்
குஞ்சியப்பு சந்தியோகு


குவைத்,
20.6.1983

மதிப்புக்குரிய குஞ்சியப்புவுக்கு,

உங்கள் மகள் ஸ்ரெல்லா எழுதுவது. நீங்களும் குஞ்சியம்மாவும் சுகமாயிருக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. கவலைப்பட வேண்டாம்.

தந்தி ஐந்து நாள் பிந்தி வந்தது. அதற்குள் அவரை அடக்கம் பண்ணியிருப்பீர்கள் என்று தெரிந்துகொண்டேன். பாஸ்போட் நான் வேலை செய்கிற வீட்டுக்காரரின் அலமாரிக்குள் இருக்கிறது. இரண்டு வருஷம் முடியாமல் தரமாட்டார்கள். வீட்டுக்காரி என் தலையைத் தடவி ஒரு ஆரஞ்சுப்பழம் தந்தா. அன்றைக்கு மத்தியானம் விருந்தாட்கள் வந்ததால் நான் அடுப்படியில் நின்றேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபடியால் ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் பலதரம் வாசித்துவிட்டேன். மூன்று சுவாமிமார் வந்தது ஆறுதல். அவர் என் பேரைச் சொன்னது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை.

குஞ்சியப்பு, ஒன்று கேட்கிறேன். அவர் ஏன் ஓடவில்லை? பங்குக் கோயில் விளையாட்டுப் போட்டியில் மூன்று வருஷம் ஓட்டத்தில் முதலாவதாய் வந்தவர். பாம்பைக் கண்டாலே எனக்கு முன்னம் பாய்ந்து கட்டிலில் ஏறுகிற மனுஷன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட இடமில்லையா?

இன்னுமொன்று. சித்திரை மாதம் நான் அவருக்கு ஒரு கடிதம் போட்டேன். அது அவர் கைக்குக் கிடைத்ததா? அவருடைய சேட்டுப் பையில் ஏதும் இருந்ததா?

மறக்காமல் எழுதுங்கள். குஞ்சியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்
ஸ்ரெல்லா


குருநகர்,
8.7.1983

என் அன்பு மகள் ஸ்ரெல்லாவுக்கு,

குஞ்சியப்பு எழுதுகிறது. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்காலில் கொஞ்சம் வாதம். குழுவனோடு மல்லுக்கட்டினவனுக்கு அது கூட வராவிட்டால் எப்படி? உன் காய்ச்சல் திரும்ப வராமல் கொத்தமல்லி அவித்துக் குடி.

முப்பத்தோராம் நாள் பூசை சிறப்பாக நடந்தது. பூசை முடிந்து வாசலில் சனம் என்னைச் சுற்றி நின்று அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி ஒரே கரைச்சல். சுவாமி கூட வெளியில் வந்து கேட்டார். நான் பிரசங்கத் தொட்டியில் ஏறவில்லை, அவ்வளவுதான் மிச்சம்.

ஓட இடமில்லையா என்று கேட்டிருந்தாய். மகள், அங்கே என்ன இடமில்லை? பின்னுக்கு வெட்டவெளி. வலப்பக்கம் பத்து அடியில் ஒரு பாலை மரம், நல்ல தாழ்ந்த கொப்பு, ஒரு கிழவி கூட ஏறலாம். வீரனுக்கு அதெல்லாம் கண்ணில் படுமா? அவனைக் கோழை என்று யாராவது உனக்கு எழுதினால் நம்பாதே. குழுவன் நூறு யார் தூரத்திலிருந்து வரும்போதே கண்டுவிட்டான். கண்டும் நின்றான். கண்ணை இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னுடைய முதல் வெடி கொம்பில் பட்டுத் தெறித்தது. இரண்டாம் வெடி தோளில். மூன்றாவதுதான் நெற்றிப்பொட்டில். இந்தக் கைத்துவக்கு சும்மா வந்ததா? ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் கடலில் விழுந்த வெள்ளைக்காரக் கப்பித்தானை நான் தலைமயிரில் பிடித்து இழுத்துக் காப்பாற்றினதற்கு அவன் தன் இடுப்பிலிருந்து கழற்றித் தந்தது. அவன் கை வைத்துச் சுட்ட இடத்தில் என் கை இருக்கிறது.

மரியரட்ணம் இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை. எனக்குப் பேர் வந்துவிட்டதென்று பொறாமை. அவனுக்கு நீ எழுத வேண்டாம். அவன் தூரத்தில் வாடியடியில் நின்றவன், ஒன்றும் சரியாகப் பார்க்கவில்லை.

புருஷன் இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான் என்று நினைத்து மனதை ஆற்று.

அன்புடன்
குஞ்சியப்பு


குவைத்,
28.7.1983

மதிப்புக்குரிய குஞ்சியப்புவுக்கு,

இது கைக்குக் கிடைக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்க வேண்டும். றேடியோவில் கொழும்பில் நடப்பதைச் சொல்கிறார்கள். அறபிப் பாஷையில் எனக்கு விளங்கினது சிலோன், நெருப்பு என்ற இரண்டு சொல்தான். யாழ்ப்பாணம் எப்படியென்று கேட்க இங்கே எனக்கு ஆளில்லை. உடனே இரண்டு வரி போடுங்கள்.

இந்த நேரத்தில் இதை எழுதுவது சரியில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதற் கடிதத்தில் ஒரு வெடி என்று எழுதினீர்கள். இப்போது மூன்று வெடி என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. பாலை மரத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். பத்து அடியில் மரம் இருந்தது. அவர் நூறு யார் தூரத்துக்கு அப்பாலேயே கண்டுவிட்டார். கண்டும் நின்றார். இது வீரமில்லை, குஞ்சியப்பு. இது என்னவென்று எனக்குத் தெரியும்.

சித்திரையில் நான் எழுதின கடிதத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் தை மாதத்திலிருந்து கடலுக்குப் போகாமல் தவறணையில் குடித்துக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு வீட்டுக்காரி என்னை எல்லோருக்கும் முன்னால் கன்னத்தில் அடித்திருந்தா. அந்தச் சூட்டோடு எழுதினேன். குஞ்சியப்புவோடு வாடிக்குப் போய் மனுஷனாக உழையுங்கள், முடியாவிட்டால் எங்கேயாவது செத்துத் தொலையுங்கள், நான் வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டாவது நிம்மதியாக இருப்பேன் என்று எழுதினேன். இந்தச் சொல்லுக்கு ஒரு எழுத்துக் குறைவில்லை.

அவர் அதை வாசித்தாரா? சேட்டுப் பையைப் பற்றி நீங்கள் பதில் எழுதவில்லை.

பிழை பொறுக்கவும்.

ஸ்ரெல்லா


குருநகர்,
14.9.1983

என் அன்பு மகள் ஸ்ரெல்லாவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம், சுகமாகவும் இருக்கிறோம். இதை முதல் வரியில் எழுதச் சொன்னது குஞ்சியம்மா. தபால் ஓடவில்லை, ரயில் ஓடவில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கின சனத்தைப் பார்த்தேன். ஒரு மனுஷி கையில் ஒற்றைச் செருப்பு மட்டும் வைத்திருந்தா. இதுவும் நடக்குமென்று நான் சொன்னவன், ஆனால் அதைப் பற்றி இப்போது பெருமை பேச மனமில்லை.

மகள், நீ வீணாக உன்னை அரிக்கிறாய். உன் கடிதம் அவன் கைக்குக் கிடைக்கவே இல்லை. சத்தியம். அவன் வாடிக்குப் புறப்பட்டு இரண்டு கிழமைக்குப் பிறகுதான் தபால்காரன் கொண்டுவந்தான். குஞ்சியம்மா அதை உடைக்காமல் றங்குப் பெட்டிக்குள், தன்னுடைய கலியாணச் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறா. ஒட்டின பசை கூட விடவில்லை. நீ வரும்போது உன் கையில் தருவோம், நீயே அடுப்பில் போடு.

அவன் வாடிக்கு வந்தது தன் விருப்பத்தில். "மாமா, எனக்கும் ஒரு பாய் இடம் விடுங்கோ" என்று அவனாகத்தான் கேட்டு வந்தான். வாடியில் பாட்டும் கூத்தும்தான். சந்தோஷமாக இருந்தவன்.

ஆகவே அவன் நின்றது வீரத்தினால். நீ இதோடு அந்த யோசனையை விட வேண்டும். நான் சொன்னால் சுவாமி சொன்ன மாதிரி.

மரியரட்ணத்துக்கு எழுதவில்லையே?

அன்புடன்
குஞ்சியப்பு


குவைத்,
3.10.1983

மதிப்புக்குரிய குஞ்சியப்புவுக்கு,

நீங்கள் உயிரோடிருக்கிற செய்தி பார்த்து மாதாவுக்கு நன்றி சொன்னேன். குஞ்சியம்மாவின் கைக்கு என் முத்தம்.

சென்ற கிழமை வீட்டுக்காரி மேசை லாச்சியைத் துப்புரவாக்கும்போது எனக்கு வந்த ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தா. மறந்துபோய் வைத்துவிட்டாவாம். அவருடைய கையெழுத்து. சுண்டிக்குளம், 9.5.1983 என்று திகதி போட்டிருக்கிறது. அதற்கு மூன்றாம் நாள்தான் அவர் செத்தார்.

அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். "உன் கடிதம் கிடைத்தது. நாலு தரம் வாசித்தேன். நீ எழுதினதில் பிழையில்லை. குடியை விட்டுப் பதினொரு நாள். இனி என்னால் உனக்கு ஒரு கரைச்சலும் வராது." இவ்வளவுதான். சுகம் கூடக் கேட்கவில்லை.

ஆகவே றங்குப் பெட்டிக்குள் என் கடிதம் இல்லை. என்னைத் தேற்றத்தான் அப்படி எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். கோபமில்லை. சின்ன வயதில் அப்பாவின் வள்ளம் திரும்பாதபோதும் நீங்கள், அப்பா இந்தியாவில் கரை ஒதுங்கிச் சோறு சாப்பிடுகிறார் என்று ஒரு வருஷம் எனக்குக் கதை சொன்னவர். அந்த ஒரு வருஷம் நான் நித்திரை கொண்டேன். ஆனால் இப்போது நான் சின்னப் பிள்ளையில்லை.

இனி எனக்கு ஒரு கரைச்சலும் வராது என்று எழுதிவிட்டு, மூன்றாம் நாள் கையைக் கட்டிக்கொண்டு குழுவனுக்கு முன்னால் நின்றிருக்கிறார். நான் சொன்னதைச் செய்துவிட்டார். பூசைக்குக் காசு அனுப்பவும் பயமாயிருக்கிறது. தானாகச் செத்தவருக்குப் பூசை ஏறுமா என்று யாரைக் கேட்பது?

இந்த வீட்டின் மொட்டைமாடியில்தான் உடுப்புக் காயப்போடுவேன். சுற்றுச்சுவர் என் இடுப்பளவு. நீங்கள் எழுதினதை அங்கே நின்று நினைத்துப் பார்ப்பேன். கண்ணை இமைக்காமல், அசையாமல் அவர் நின்றது போல என்னாலும் ஒரு நாள் நிற்க முடியுமா என்று பார்க்கிறேன். இன்னும் முடியவில்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தேயுங்கள்.

ஸ்ரெல்லா


குருநகர்,
24.10.1983

மகள் ஸ்ரெல்லா,

சுகம். நீ சுகமாயிருக்க வேண்டும். இருந்தே ஆக வேண்டும்.

அந்த மாடிக்குப் போகாதே. உடுப்பை அடுப்படியில் காயப்போடு. வீட்டுக்காரி ஏசினால் ஏசட்டும். அந்தோனியார் மேல் ஆணையாகக் கேட்கிறேன்.

உன் கடிதத்தைக் குஞ்சியம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. மூன்று தரம் பதில் எழுதிக் கிழித்தேன். எழுதுவதற்கு எனக்கு எப்போதும் சொல் குறைந்ததில்லை, நீ அறிவாய். நான் உனக்கு ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். சொல்வேன். இன்றைக்குக் கை ஓடவில்லை.

அவன் கூடாத சாவு சாகவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொண்டிரு.

குஞ்சியப்பு


குவைத்,
6.11.1983

மதிப்புக்குரிய குஞ்சியப்புவுக்கு,

உங்கள் கடிதம் இன்றைக்குக் கிடைத்தது. சுகமாயிருக்கிறேன்.

மரித்தவர்களின் திருநாளன்று, நீங்கள் சேமக்காலையில் அவருக்கு மெழுகுதிரி கொளுத்தியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே என்னிடம் திரியில்லை. அடுப்பைக் கொஞ்ச நேரம் சும்மா எரியவிட்டேன்.

நீங்கள் வேண்டாமென்று சொன்ன பிறகும் நான் மரியரட்ணம் அண்ணைக்கு எழுதினேன். மன்னியுங்கள். அவர் இரண்டு வரி பதில் போட்டிருக்கிறார். "தங்கச்சி, வெடிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மிச்சத்தைச் சந்தியோகு அண்ணையிடம் கேள்."

நீங்கள் சுட்டீர்களா இல்லையா என்பது எனக்கு வேண்டாம். சுடாவிட்டாலும் நீங்கள் என் குஞ்சியப்புதான். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அவர் சாக நினைத்து நின்றாரா? ஓம் என்றால் ஓம் என்று எழுதுங்கள். இல்லையென்றால், ஏன் நின்றாரென்று எழுதுங்கள். காரணம் இல்லாமல் வெறும் இல்லை என்று எழுதினால் நான் நம்பமாட்டேன். என்னைத் தேற்றுவதற்கு இனி ஒரு வரியும் வேண்டாம்.

ஸ்ரெல்லா


குருநகர்,
19.11.1983

மகள் ஸ்ரெல்லா,

உன் சுகத்தை முதலில் கேட்கிறேன். மாடிக்குப் போகாமல் இருக்கிறாயா? நான் சுகமென்று எழுத இந்த முறை மனம் வரவில்லை.

அவன் சாக நினைக்கவில்லை. கீழே உள்ளதை நீ வாசிக்காமல் கிழித்தாலும் இந்த வரியை வாசித்திருப்பாய் என்று மேலே எழுதிவிட்டேன். காரணம் கேட்டாய். காரணம் நான்.

என் கைத்துவக்கில் தோட்டா இல்லை. அன்றைக்கு மட்டும் இல்லையென்று நினையாதே. இருபது வருஷமாக இல்லை. வெள்ளைக்காரக் கப்பித்தான் ஒருவனும் கடலில் விழவில்லை. ஊர்காவற்றுறையில் ஒரு கப்பல்காரனிடம் இரண்டு போத்தல் சாராயத்துக்கு மாற்றினேன். ஆறு தோட்டா தந்தான். அந்த வருஷம் கோயில் கொடியேற்றத்தன்று ஆறையும் வானத்தைப் பார்த்துச் சுட்டு முடித்தேன். சனம் கை தட்டியது. அதன்பிறகு அதற்குப் பொருந்தின தோட்டா எங்கும் அகப்படவில்லை. நானும் அவ்வளவாகத் தேடவில்லை. இடுப்பில் செருகியிருந்தாலே போதுமென்று கண்டுகொண்டேன். வாடியில் நல்ல மீன் என் சட்டிக்குத்தான். கயிறு இழுக்க என்னைக் கூப்பிடமாட்டார்கள். துவக்குக்காரன் காவலுக்கு இருக்கிறான் என்று நம்பித்தான் ஆட்கள் அந்தக் காட்டோரம் வந்தார்கள்.

துவக்கு இருந்தால் சட்டமும் இருக்க வேண்டுமே. நானே ஒரு சட்டம் போட்டேன். "மிருகம் வந்தால் ஒருத்தரும் ஓடப்படாது. ஓடினால் என்ரை வெடிக்குக் குறுக்கை வருவியள். நிண்ட இடத்திலை நில்லுங்கோ, மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்." வருஷாவருஷம் வாடி அடித்த முதல் நாள் இதைச் சொல்லுவேன். பழைய ஆட்கள் தலையாட்டிவிட்டுச் சிரிப்பார்கள். மிருகம் வந்தால் அவர்கள் ஓடியிருப்பார்கள். அடைக்கலம் வாடிக்குப் புதிது, சித்திரையில்தான் வந்து சேர்ந்தவன். ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நான் சொல்ல, அவனைத் திருப்பிச் சொல்லவைத்தேன். பிழையில்லாமல் சொன்னான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றைக்குக் குழுவன் யானையளவு இல்லை. ஒரு எருமையளவுதான். நூறு யார் தூரமும் இல்லை. முப்பது இருக்கும். அவன் பூவலில் தண்ணீர் மொண்டு குடத்தைத் தோளில் வைத்துத் திரும்பும்போது கண்டான். நான் அவனுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு அடியில் நின்றேன். அவன் கையைக் கட்டவில்லை, மகள். அது நான் கட்டினது. அவன் குடத்தை இறக்கி மணலில் மெல்ல வைத்தான். தண்ணீர் சிந்தக்கூடாது என்று அடியை மணலுக்குள் திருகி வைத்தான். பிறகு ஒரு அடி இடப்பக்கம் விலகினான். ஏன் தெரியுமா? நான் சுடுவதற்கு வழி விட்டான். சாக நினைக்கிறவன் குடத்தை அப்படி வைப்பானா? அப்படி விலகி நிற்பானா? பாலை மரம் பத்து அடியில் இருந்தது உண்மை. பாம்புக்குக் கட்டிலில் ஏறுகிற உன் புருஷன் கண் வெட்டுகிற நேரத்தில் அதில் ஏறியிருப்பான். என் சொல்லை நம்பித்தான் நின்றான்.

நான் இடுப்பில் கை வைத்தேன். வெறும் இரும்பு. பிறகு ஓடினேன். ஒருவரும் ஓடக்கூடாது என்று சொன்னவன் ஓடினேன். பற்றை கிழித்த தழும்பு இன்னும் காலில் இருக்கிறது. வாதம் என்று உனக்கு எழுதினது இதைத்தான்.

மரியரட்ணமும் மற்றவர்களும் தகரத்தில் தட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். குழுவன் பயந்து ஓடவில்லை. பூவலில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு நடந்துதான் போனது. அவர்களுக்குப் பின்னால் நானும் திரும்பி வந்தேன். அது திரும்பவும் வந்தால் சுடலாமென்று மரியரட்ணம் என் இடுப்பிலிருந்து கைத்துவக்கை உருவி எடுத்து மடக்கிப் பார்த்தான். ஆறு ஓட்டையாலும் வெளிச்சம் தெரிந்தது. மடக்கினதை நிமிர்த்தி என் கையில் தந்துவிட்டு, "நான் இதைக் காணேல்லை, அண்ணை" என்றான். அதற்குப் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. ஊருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

உன் கடிதத்தை அவன் சேட்டுப் பையில் வைத்திருந்தது உண்மை. வாடியில் எனக்கும் வாசித்துக் காட்டினான். அந்தச் செத்துத் தொலையுங்கள் என்ற இடத்தில் சிரித்தான். "மாமா, இவளுக்குக் கோபம் வந்தால் கையெழுத்து வடிவாய் வருது" என்று சொன்னான். மாரிக்கு முன்னம் ஊருக்குப் போய்க் கூரை மேய வேண்டும், நீ வரும்போது ஒழுக்கு இருக்கக்கூடாது என்று ஓலைக்குச் சொல்லிவைத்திருந்தான். ஓலைக்காரன் போன மாதம் வந்து கேட்டுவிட்டுப் போனான். இது நான் கட்டின கதையில்லை. ஆனால் நான் எழுதுவதை இனி நீ ஏன் நம்ப வேண்டும்? ஓலைக்காரன் பொன்னம்பலம், கொழும்புத்துறை. அவனுக்கு எழுதிக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். குஞ்சியம்மாவுக்கும் சொன்னேன். அவ மூன்று நாள் எனக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கோயிலில் போய் இருந்தா. கோயில் வாசலில் கதை கேட்ட சனத்துக்கும் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை நீ யாருக்கும் காட்டலாம். அடைக்கலத்துக்குப் பூசை ஏறும். பயமில்லாமல் காசு அனுப்பு.

நீ என்னை இனிக் குஞ்சியப்பு என்று எழுத வேண்டியதில்லை. சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருதரம், வெறுந்தாளில் என்றாலும், போடு.

இன்னும் ஒன்று மிச்சம். இதை எழுதினால் உனக்கென்று இருந்த ஒரு சொல்லும் போய்விடும். அதற்காகத்தான் இவ்வளவு நாள் வைத்திருந்தேன். நான் திரும்பி வந்தபோது அவனில் உயிர் இருக்கவில்லை. என் மடியில் தலை வைக்கவுமில்லை, உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவுமில்லை. அது நான் கட்டினது, மகள். அவன் கடைசியாகச் சொன்னது, குழுவனிலிருந்து கண்ணை எடுக்காமல், என்னைத் திரும்பியும் பார்க்காமல், "சுடுங்கோ மாமா" என்று மட்டுந்தான். இரண்டு தரம் சொன்னான். இரண்டாம் தரம் சொன்னது எனக்குத் தூரத்திலிருந்துதான் கேட்டது.

சந்தியோகு